மூன்று முறை என்டர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லோருக்கும் அவள் கம்ப்யூட்டரம்மா. வயது முப்பத்திரண்டுதான், அந்த ‘அம்மா’ அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனால் பிரிண்டர் பேப்பரை மென்று துப்பினாலும், மருந்துக் கவுண்டரில் பாஸ்வேர்டு மறந்துபோனாலும், ‘கம்ப்யூட்டரம்மாவக் கூப்பிடு’ என்றுதான் குரல் எழும். அவளும் ஓடுவாள், திட்டிக்கொண்டே. மனிதர்களைத் திட்டினால் வேலை போய்விடும் என்பதால் கம்ப்யூட்டரைத் திட்டுவாள்.

அப்படித் திட்டியதில் பிறந்ததுதான் ‘அடங்கு’. ஆஸ்பத்திரியின் பெரிய கம்ப்யூட்டருக்குள் ஒரே நேரத்தில் ஐம்பது அறுபது புரோகிராம்கள் ஓடிக்கொண்டிருக்கும். அதில் ஏதாவது ஒன்று சண்டித்தனம் செய்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள அவளே எழுதி வைத்துக்கொண்ட சின்னக் கருவி அது. கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். கம்ப்யூட்டரின் சக்தியை யார் அதிகம் தின்கிறானோ அவன் மேலே நிற்பான். மேல் வரி வெள்ளையாகத் தெரியும். என்டர் தட்டினால் அந்த வரியில் நிற்பவன் காலி. மவுஸ் வேண்டாம், விரல் மட்டும் போதும்.

வழக்கமாக ஒரு புரோகிராமை நிறுத்தும்போது, ‘கையிலிருக்கும் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பப்பா’ என்று மரியாதையாகச் சொல்லிப் பார்ப்பார்கள். இவள் கருவிக்கு அந்த மரியாதையெல்லாம் கிடையாது. ஆரம்பத்தில் ‘உறுதியாகவா?’ என்று ஒரு கேள்வியாவது கேட்டுக்கொண்டிருந்தது. நாளைக்கு முப்பது தடவை அதற்கு ‘ஆமாம்’ சொல்லி அலுத்துப்போய், ஒருநாள் அந்தக் கேள்வியையே பிடுங்கி எறிந்துவிட்டாள். வேலை சுளுவாகிவிட்டது என்று அன்றைக்குப் பெருமை வேறு. பெருமைப்பட்ட விஷயங்களின் பட்டியலை யாராவது இப்போது அவளிடம் கேட்டால் இதைச் சொல்ல மாட்டாள்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அவள் ஆஸ்பத்திரியில் இல்லை. தங்கையின் வீட்டில், மூன்றாவது மாடியில், பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். தங்கைக்கு எட்டு வாரம் முன்கூட்டியே குழந்தை பிறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. ஒரு கிலோ நானூறு கிராம். அதே ஆஸ்பத்திரியில், குறைமாதக் குழந்தைகள் வார்டில், ஜன்னலோரம் ஒன்பதாவது தொட்டிலில் கிடந்தது. அந்த வார்டில் தாய்மார்களுக்கும் பெயர் கிடையாது. ஒன்றாம் தொட்டில் அம்மா, ஐந்தாம் தொட்டில் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு ஒரு பட்டம், தங்கைக்கு ஒரு நம்பர் என்று சொல்லி இருவரும் சிரித்தார்கள். அது நான்காம் நாள், குழந்தை முதல்முறையாகக் கொட்டாவி விட்ட அன்றைக்கு.

அவ்வளவு சின்னக் குழந்தைகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூச்சு விடுவதை மறந்துவிடும். தூங்கிக்கொண்டே இருக்கும், மார்பு ஏறி இறங்குவது சத்தமில்லாமல் நின்றுவிடும். உள்ளங்காலைச் சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி மூச்சு விடும். சுண்ட ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். எப்போது சுண்ட வேண்டும் என்பதைச் சொல்லத்தான் ‘மணி’ இருந்தது. ஒவ்வொரு குழந்தையின் காலிலும் ஒரு பட்டை. அது சொல்லும் நாடித்துடிப்பையும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜன் அளவையும் பெரிய கம்ப்யூட்டரில் ஓடும் ‘மணி’ என்ற புரோகிராம் வாங்கி, நர்ஸ்களின் மேசைக்கு மேலே இருந்த பெரிய திரையில் பத்துக் கட்டங்களாகக் காட்டும். எல்லாம் நன்றாக இருந்தால் பச்சை. ஒன்று தடுமாறினால் சிவப்பு, கூடவே மணி அடிக்கும். தொட்டிலுக்குப் பக்கத்தில் சத்தம் கேட்டால் மற்ற குழந்தைகள் விழித்துக்கொள்ளும் என்று அங்கே இருந்த சத்தத்தையெல்லாம் குறைத்து வைத்திருந்தார்கள். மேசை மணி ஒன்றுதான் காவல்.

அந்தக் காவல் எப்போதாவது விழுந்துவிட்டால் தானாக எழுந்துகொள்ளும்படி மாற்றி எழுத வேண்டும் என்று கம்ப்யூட்டரம்மா ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் சீட்டில் எழுதி மேசையில் ஒட்டியும் வைத்திருந்தாள். சீட்டு சுருண்டதே தவிர வேலை நடக்கவில்லை.

பீரோவில் தங்கை கேட்ட முன்பக்கம் திறக்கிற நைட்டி கிடைத்த நேரத்தில் போன் அடித்தது. வார்டின் தலைமை நர்ஸ். எல்லோரும் அவரைப் பெரிய சிஸ்டர் என்பார்கள்.

“கம்ப்யூட்டரம்மா, எங்க இருக்க? இங்க ஸ்கிரீன் நொண்டுதும்மா. நம்பர் எல்லாம் பத்து செகண்ட் கழிச்சு வருது. திடீர்னு நிக்குது, அப்புறம் குதிக்குது.”

“மாசக் கடைசி இல்லையா சிஸ்டர், யாரோ ரிப்போர்ட் ஓட்டிவிட்டிருப்பாங்க. அது எல்லாத்தையும் தின்னுட்டு உக்காந்திருக்கும். ரெண்டு நிமிஷம் குடுங்க.”

“சீக்கிரம் பாரு. இன்னொரு நர்ஸ் ஒரு குழந்தையத் தூக்கிட்டு எக்ஸ்ரேக்குப் போயிருக்கா. அம்மாமாருங்க எல்லாம் பால் எடுக்குற ரூம்ல இருக்காங்க. நான் ஒருத்திதான்.”

கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். போனைக் கேபிளால் அதில் சொருகினாள். அந்த வீட்டில் தனியாக இன்டர்நெட் இல்லை, அவள் போன் வழியாகத்தான் எல்லாம். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து ‘அடங்கு’ என்றாள். பட்டியல் வந்தது. அவள் சொன்னபடியே, முதல் வரியில் மாதாந்திர ரிப்போர்ட் தடியன் மாதிரி நின்றுகொண்டிருந்தான். அவனுக்குக் கீழே ‘மணி’. நாள் முழுக்க ஓய்வில்லாமல் உழைக்கிற புரோகிராம், அதனால் எப்போதும் மேலேதான் இருக்கும். அதற்கும் கீழே ரத்தப் பரிசோதனை முடிவுகளை அனுப்புகிற புரோகிராம்.

வெள்ளை வரி ரிப்போர்ட்டின் மேல் இருந்தது. என்டர் தட்டினாள்.

ஒன்றும் நடக்கவில்லை. தடியன் அப்படியே நின்றான்.

“அடங்குடா,” என்று மறுபடி தட்டினாள். இன்னொரு தடவையும் தட்டினாள். லிஃப்ட் வரவில்லை என்றால் பொத்தானை நாலு தடவை அமுக்குகிறோமே, அதே கைப்பழக்கம்.

அப்புறம்தான் போனைப் பார்த்தாள். சிக்னல் கோடுகள் ஒன்றுகூட இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தது.

கீபோர்டிலிருந்து இரண்டு கையையும் வெடுக்கென்று எடுத்தாள்.

ஏனென்றால் அந்தப் பட்டியலை எழுதியவள் அவள்தான். அது ஒரு வரிசை. முதலில் நிற்பவனை வெளியே தள்ளினால் இரண்டாவது ஆள் ஓரடி முன்னால் வந்து அதே இடத்தில் நிற்பான். வெள்ளை வரி நகராது. அடுத்த என்டர் யார் அந்த இடத்தில் இருக்கிறானோ அவனுக்கு. முதல் தட்டு ரிப்போர்ட்டுக்கு, சரி. இரண்டாவது தட்டு? இரண்டாவது தட்டு ‘மணி’க்கு.

தட்டியவை எங்கேயும் தொலைந்துபோய்விடாது என்பதும் அவளுக்குத் தெரியும். சிக்னல் இல்லையென்றால் அவை லேப்டாப்புக்குள்ளேயே பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கும். சிக்னல் வந்த நொடியில் மூன்றும் வரிசையாகக் கிளம்பிப் போகும். கூப்பிட்டால் திரும்பி வராது.

பெருக்கல் குறி மறைந்து ஒரு கோடு முளைக்கப் பார்த்தது. அவள் கேபிளைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் போன் கட்டிலிலிருந்து தரையில் விழுந்து பீரோவுக்கு அடியில் போய்விட்டது. குப்புறப் படுத்துக் கையை விட்டுத் துழாவி எடுத்தாள். கண்ணாடியில் ஒரு கீறல். போகட்டும். லேப்டாப்புக்கும் வெளியுலகத்துக்கும் இனிச் சம்பந்தமில்லை. தட்டியவை உள்ளேயே கிடந்து சாகட்டும்.

ஒரு மூச்சு நிம்மதியாக விட்டாள். ஒன்றுதான் விட்டாள்.

சிக்னல் எப்போது போனது? தட்டுவதற்கு முன்பா, தட்டிய பிறகா? தட்டியவை போய்ச் சேர்ந்து, பதில் மட்டும் திரும்பி வராமல் போயிருந்தால்? லேப்டாப் திரையில் பட்டியல் அப்படியே இருந்தது, ரிப்போர்ட், மணி, ரத்தப் பரிசோதனை என்று. ஆனால் அது கடைசியாக வந்து சேர்ந்த படம். அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று அது சொல்லாது. அதை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ‘மணி’ செத்தால் வார்டின் திரை கறுத்துவிடாது. அதுவும் கடைசிப் படத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும். கட்டமெல்லாம் பச்சையாக.

அறையிலிருந்தே வார்டுக்குப் போன் போட்டாள். போகவில்லை. சமையலறை ஜன்னலுக்குப் போனாள், போகவில்லை. கதவைத் திறந்து போட்டபடியே படிக்கட்டில் இறங்கினாள். செருப்புப் போடவில்லை. இரண்டாவது மாடியில் யாரோ துணிக்கூடையோடு ஏறி வந்தார்கள். அவர்களை இடித்துவிட்டு, மன்னிப்புக்கூடக் கேட்காமல் ஓடினாள். கையிலிருந்த நைட்டியை எப்போது எடுத்துக்கொண்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

முதல் மாடித் திருப்பத்தில் இரண்டு கோடு வந்தது. வார்டு மேசை போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. தங்கையைக் கூப்பிட்டுப் பயனில்லை, வார்டுக்குள் போகும் தாய்மார்கள் போனை வெளியே வைத்துவிட வேண்டும். பெரிய சிஸ்டரின் நம்பரைத் தேடினாள். விரல் தப்புத் தப்பாகப் போனது. தினமும் எட்டு மணி நேரம் தட்டுகிற விரல்கள், ஒரு பெயரைத் தேடத் தெரியாமல் தவித்தன.

நாலாவது மணியில் எடுத்தார்.

“என்னம்மா, சரியாயிடுச்சே! கில்லாடிதான் நீ.” பெரிய சிஸ்டரின் குரலில் சந்தோஷம் வழிந்தது. “நொண்டல் எல்லாம் போயிடுச்சு. எல்லாம் பச்சை. நம்பர் முன்ன மாதிரி குதிக்கவே இல்ல, அப்படியே அசையாம நிக்குது பாரு.”

கம்ப்யூட்டரம்மா படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். உயிருள்ள குழந்தையின் நாடித்துடிப்பு ஒரே நம்பரில் நிற்காது. நூற்று நாற்பது, நூற்று நாற்பத்திமூன்று, நூற்று முப்பத்தெட்டு என்று ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அசையாமல் நிற்கிறது என்றால் அது நம்பர் இல்லை, படம்.

“சிஸ்டர், ஸ்கிரீனப் பாக்காதீங்க. ஸ்கிரீன் செத்துப்போச்சு. மணி அடிக்காது. குழந்தைங்களப் பாருங்க, ஒவ்வொண்ணா போய்ப் பாருங்க.”

“என்ன சொல்ற?”

“எல்லாரும் மூச்சு விடுறாங்களான்னு பாருங்க சிஸ்டர்! ஒன்பதுல இருந்து. முதல்ல ஒன்பதாவதப் பாருங்க.”

அதைச் சொல்ல வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது.

முப்பது வருஷ அனுபவம் பெரிய சிஸ்டருக்கு. மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. போன் பாக்கெட்டுக்குள் போகிற சத்தம் கேட்டது. பிறகு ரப்பர் செருப்பு தரையில் வேகமாக உரசும் சத்தம். மேசையிலிருந்து ஜன்னலோரம் வரை, வார்டின் முழு நீளமும். இவள் அந்தக் காலடிகளை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

“ஒன்பது நல்லாத் தூங்குது,” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

உயிர் போய் உயிர் வந்தது. பொய் சொல்வானேன், அந்த ஒரு நொடியில் அவளுக்கு உலகத்தில் வேறு எந்தக் குழந்தையின் நினைவும் இல்லை.

“பத்து காலி, அதுதான் எக்ஸ்ரேக்குப் போயிருக்கு. எட்டு சரியா இருக்கு. ஏழு... சரியா இருக்கு. ஆறு அசையுது.”

ஐந்தாவது தொட்டிலில் குழந்தையின் போர்வையை விலக்கும் சத்தம். நான்கு. மூன்று. இரண்டாவதில் ஒரு சின்ன அழுகை. அழுகை நல்லது, அழுதால் மூச்சு இருக்கிறது. அப்புறம் ஒன்று. ஒன்றாவது தொட்டில் மேசைக்குப் பக்கத்திலேயே, கைநீட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. அதைத் தாண்டித்தான் பெரிய சிஸ்டர் ஒன்பதுக்கு ஓடியிருந்தார்.

“ஐயோ,” என்றது குரல். “நீலமாயிருக்கு. மூச்சு அடங்கிப்போச்சே.”

அடங்கு. அவள் ஆசையாக வைத்த பெயர்தான் அது. படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். காதில் போனை அழுத்திக்கொண்டு, கையிலிருந்த துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். உள்ளங்காலைச் சுண்டும் சத்தம் போனில் கேட்காது. தட்டுமுட்டுச் சத்தம் மட்டும் கேட்டது. ஏதோ உருண்டு விழுந்தது. ரப்பர் பையை அமுக்கி அமுக்கிக் காற்றுச் செலுத்துகிற ஒலி, பெரிய சிஸ்டர் தனக்குத்தானே எண்ணுகிற ஒலி. “வா கண்ணு, வா. வாடா தங்கம்.” பிறகு எண்ணுவது நின்றது. பிறகு மறுபடி எண்ண ஆரம்பித்தார்.

அவள் கடவுளையெல்லாம் கூப்பிடவில்லை. அந்தக் குழந்தையைத்தான் கூப்பிட்டாள். பெயர் தெரியாததால், “ஒண்ணு, ஒண்ணு” என்று கூப்பிட்டாள்.

அழுகை வந்தது. பூனைக்குட்டி மாதிரி, முதலில் சந்தேகமாக, பிறகு கோபமாக.

அவள் ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்று பிற்பாடு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. காலில் செருப்பில்லாமல் வந்தாள் என்று வாசல் காவல்காரர் சொன்னார். நேரே கம்ப்யூட்டர் அறைக்குப் போனாள். லேப்டாப்பைத் தங்கையின் கட்டிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள், அதை மறுபடி தொடுவதற்குக் கை வரவில்லை. பெரிய கம்ப்யூட்டரின் சொந்தக் கீபோர்டில், ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டி, ‘மணி’யை எழுப்பினாள். அதுவரை பக்கத்து வார்டிலிருந்து இரண்டு நர்ஸ்களை வரவழைத்து, தொட்டிலுக்குத் தொட்டில் நடக்க வைத்திருந்தார் பெரிய சிஸ்டர்.

குறிப்பேட்டைத் திறந்து பார்த்தாள். எந்தப் புரோகிராம் எப்போது போனது என்று கம்ப்யூட்டர் ஒன்றுவிடாமல் எழுதி வைத்திருக்கும். மூன்று மணி ஏழு நிமிடத்துக்கு, அடுத்தடுத்து இரண்டு பேர் போயிருந்தார்கள். ரிப்போர்ட்டும் மணியும். இரண்டுக்கும் எதிரே அவளுடைய பெயர், சொந்தப் பெயர், முழுசாக. மூன்றாவது தட்டு வந்து சேரவில்லை. பெரிய சிஸ்டரிடம் அவள் பேசியது மூன்று பதினொன்றுக்கு. நடுவில் நாலு நிமிஷம்.

வார்டு வாசலில் தங்கை ஓடி வந்து கட்டிக்கொண்டாள். “நல்லவேளை அக்கா, நீ போன் பண்ணினே.” அதையேதான் எல்லோரும் சொன்னார்கள். டாக்டர் வந்து ஒன்றாம் தொட்டில் குழந்தையைப் பார்த்துவிட்டு, நீலம் போய்விட்டது, தேறிவிடும், இருந்தாலும் இரண்டு நாள் கூடுதலாகக் கவனிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பெரிய சிஸ்டர் மட்டும் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதுல இருந்து என்று கேட்ட காது அவருடையது.

ஒன்றாம் தொட்டில் அம்மா எழுந்து வந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதிருக்கும். இவளுடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“எங்க குழந்தைக்குத்தான் ஆபத்துன்னு உங்களுக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?”

‘ஏதோ தோணிச்சும்மா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாழ்நாள் முழுக்க அந்தப் பெண் இவளை நினைத்து விளக்கேற்றுவாள். குறிப்பேட்டை யாரும் பார்க்கப்போவதில்லை, படிக்கத் தெரிந்தவளே இவள் ஒருத்திதான். உண்மையைச் சொன்னால் வேலை போகும், அதற்கு மேலும் என்னென்னவோ போகும்.

“தெரியலம்மா,” என்றாள். “உன் குழந்தைய நான் நினைக்கவே இல்ல. என் தங்கச்சி குழந்தையத்தான் முதல்ல பாக்கச் சொன்னேன். சிஸ்டர் உன் குழந்தையத் தாண்டித்தான் ஓடினாங்க.” நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னாள். “மணி தானா நிக்கல. நான்தான் நிறுத்தினேன். வேற ஒண்ண நிறுத்தப் போய், அவசரத்துல ரெண்டாவது தடவை தட்டிட்டேன்.”

தங்கை, “அக்கா,” என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்தப் பெண்ணுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது கையை உதறவில்லை. பிடி மட்டும் தளர்ந்து, விரல்கள் தானாக விலகின. அவள் திரும்பி மேசைக்கு மேலே இருந்த திரையைப் பார்த்தாள். பத்துக் கட்டமும் பச்சையாக இருந்தது. நம்பர்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அவளுக்கு அது போதவில்லை.

“இப்ப அடிக்குமா?”

“அடிக்கும்.”

“அடிச்சுக் காட்டுங்க.”

கம்ப்யூட்டரம்மா பெரிய சிஸ்டரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய், கையைக் கழுவித் துடைத்து, ஒன்றாம் தொட்டிலில் குனிந்து, குழந்தையின் காலிலிருந்து பட்டையைத் தானே கழற்றினார். திரையில் முதல் கட்டத்தின் நம்பர் தடுமாறியது, மறைந்தது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். ஒரு நொடி, இரண்டு நொடி. கட்டம் சிவந்தது. மணி அடித்தது. வார்டில் இருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் விசுக்கென்று எழுந்து நின்றார்கள்.

பெரிய சிஸ்டர் பட்டையை மாட்டினார். மணி நின்றது. பச்சை வந்தது.

ஒன்றாம் தொட்டில் அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, திரைக்கு முதுகைக் காட்டி, குழந்தையின் மார்பைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். அது ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பாமலே சொன்னாள்.

“நாளைக்கும் வந்து அடிச்சுக் காட்டணும்.”

“வர்றேன்மா,” என்றாள் கம்ப்யூட்டரம்மா.

“தினமும்.”